நான் இரண்டு மார்க் போட்ட கதை

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாதம் இது நடந்தது. இடம், பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் எங்கள் கம்பெனி வேன். யாரும் சாகவில்லை, விபத்து எதுவும் இல்லை, போலீஸ் வரவில்லை. ஒரு கதைக்குப் பத்துக்கு இரண்டு மார்க் போட்டேன், அவ்வளவுதான். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மண்ணூர்பேட்டை பக்கம், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்துப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நூல் தொங்கினால் ஓர் அம்பு. ஒரு தையல் விட்டுப்போனால் ஓர் அம்பு. அம்பு ஒட்டிய சட்டை தைத்தவளிடமே திரும்பிப் போகும். அவள் பிரித்துத் தைத்துத் தர வேண்டும். பதினெட்டு வருடமாக இதே வேலை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளை முகத்துக்கு முன்னால் அவன் சட்டைக் காலரைப் பார்க்கிற ஜென்மம் நான். நல்லது எதுவும் என் கண்ணில் சட்டென்று படாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. உண்டு என்ன, இருந்தது.

இன்னொரு பழக்கம் கதை படிப்பது. மகள் என் போனில் ஒரு கதை ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். குடும்பக் கதை எனக்கு ஆகாது, அதுதான் வீட்டிலேயே ஓடுகிறதே. எனக்கு இருட்டுக் கதைகள் வேண்டும். பேய், கொலை, செய்வினை, ரத்தக்காட்டேரி, மனுஷனைத் தின்னும் மெஷின், எது கிடைத்தாலும் விடமாட்டேன். குழம்பு கொதிக்கும்போது ஒன்று, துணி மடிக்கும்போது ஒன்று. மறுநாள் காலை வேனில் ஏறியதும் அதை எல்லோருக்கும் சொல்வேன்.

அது எங்கள் வேனின் வழக்கமாகவே ஆகிவிட்டது. நாங்கள் பன்னிரண்டு பெண்கள். குமணன்சாவடி தாண்டி ஆரம்பித்தால், பைபாஸ் ஏறி எஸ்டேட் வரும்போது கதை முடிந்திருக்கும். எல்லோரும் அபிப்பிராயம் சொல்லலாம், ஆனால் மார்க் போடும் அதிகாரம் எனக்கு மட்டும்தான். கதையில் எத்தனை ஓட்டையோ, அத்தனை சிவப்பு அம்பை எனக்கு முன்னால் இருக்கும் சீட்டின் முதுகில் ஒட்டுவேன். வண்டியை நாசம் பண்ணுகிறேன் என்று டிரைவர் அண்ணாத்தே திட்டுவார். ஆனால் கதை ஆரம்பித்ததும் பாட்டை நிறுத்திவிட்டு அவரும் கேட்பார்.

பேய்க் கதை எதுவும் என்னிடம் ஐந்து மார்க்கைத் தாண்டியதில்லை. எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் எல்லாப் பெண்களும் நைட்டியில்தான் இருக்கிறோம். செத்துப்போனால் மட்டும் வெள்ளைப் புடவை எங்கிருந்து வருகிறது என்று கேட்பேன். ரத்தக்காட்டேரிக் கதை சொன்ன அன்று, கைப்பட்டி தைக்கிறவள், போன மாத மெடிக்கல் கேம்ப்பில் தனக்கு ரத்தம் ஒன்பதுதான் கீதுன்னு எழுதியிருந்ததாகவும், காட்டேரி வந்தால் ஏமாந்துதான் போகும் என்றும் சொன்னாள். மெஷினுக்கு உயிர் வந்து தொழிலாளிகளைக் கொல்லும் கதைக்கு, எங்கள் கம்பெனி மெஷினுக்கு உயிர் வந்தால் அது முதலில் லீவு கேட்கும் என்று பட்டன் மெஷின்காரி சொன்னாள். வேனே குலுங்கும்படி சிரித்தோம்.

பயந்தவர் ஒருவர்தான். அயர்ன் செக்‌ஷனில் இருக்கும் பாயம்மா. பூந்தமல்லிக்காரர், எங்களில் மூத்தவர். எந்தக் கதை சொன்னாலும் நம்புவார். செய்வினைக் கதை சொன்ன அன்று முழுக்க முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே இஸ்திரி போட்டார். அவரை மார்க் போடச் சொன்னால் எட்டுக்குக் கீழே வராது. அதற்காக அவரை நாங்கள் சீண்டாத நாள் இல்லை.

எனக்கு முன் சீட்டில், ஜன்னலோரம் உட்காருகிறவள் காலர் தைப்பவள். எங்கள் கம்பெனியில் செய்கிற வேலைதான் பேர், அதனால் அவளைக் காலர் என்றே கூப்பிடுவோம். முப்பது வயதுக்குள் இருக்கும். வானகரத்தில் ஏறுவாள். அவள் புருஷன் தினமும் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேன் கிளம்பும்வரை நின்று, எங்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கையாட்டுவார். கொடுத்து வைத்தவள் என்று நாங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று கணக்கே இல்லை. அவள் தைத்த காலரில் நான் அம்பு ஒட்டியது அபூர்வம். அவள் அதிகம் பேசமாட்டாள். கதையை மட்டும் உன்னிப்பாகக் கேட்பாள்.

ஒருநாள் அவள் தையல் லைனிலிருந்து வந்த சட்டையின் பாக்கெட்டில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. துணிக் கட்டோடு வரும் நம்பர் சீட்டின் பின்பக்கத்தில், பென்சிலில் பொடிப் பொடியாக எழுதியிருந்தாள். ஆறு நாற்பதுக்கு வேன், பக்கத்தில் பட்டன் அக்கா. பத்தேகாலுக்குப் பாத்ரூம். பதினொன்றுக்கு டீ, சர்க்கரை கம்மி. பன்னிரண்டரைக்கு எலுமிச்சை சாதம், பாயம்மா ஊறுகாய் கொடுத்தார். இப்படியே அன்று காலையிலிருந்து நடந்தது எல்லாம். பாக்கெட்டுக்குள் துணியைத் தவிர எது இருந்தாலும் எங்கள் கணக்கில் அது குறைதான். ஓர் அம்பை ஒட்டி, சட்டையைச் சூப்பர்வைசர் கையில் கொடுத்தேன். எல்லோர் முன்னாலும் அவளுக்கு நல்ல டோஸ் விழுந்தது.

அவள் திட்டு வாங்கியதற்குக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. நேராக என்னிடம் வந்து அந்தச் சீட்டு வேண்டும் என்றாள். கழிவுத் துணிக் கூடையில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். மத்தியான டீ நேரம் முழுக்க உட்கார்ந்து அந்தக் கூடையைக் கிளறி, சீட்டை எடுத்து, நீவி, டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள். கலெக்டரம்மா டைரி எழுதுகிறார் என்று நாங்கள் கேலி பேசினோம். ஒரு நூல் பிசிறை இரண்டடி தள்ளியிருந்து கண்டுபிடிக்கிற என் கண்ணுக்கு, பையில் வைக்கும் முன் அவள் உதடு அசைய அதை வரி வரியாகப் படித்தது தெரிந்தது. ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குச் சில நாள் கழித்து அவள் என் வாட்ஸப்புக்கு ஒரு கதையின் லிங்க் அனுப்பினாள். ஆப்பில் கிடைத்தது, நன்றாக இருந்தால் நாளைக்கு வேனில் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். யாரோ ஒரு பெண்ணின் புனைபெயர் போட்டிருந்தது. திகில் பகுதியில் இருந்தது. படித்தேன். மறுநாள் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம். ஏற்ற இறக்கத்தோடு, கண்ணை உருட்டி, ஒவ்வொரு வரியையும் நையாண்டி பண்ணிச் சொன்னேன்.

கதையில் ஒரு புருஷன். கை நீட்ட மாட்டான், குரலை உயர்த்த மாட்டான், தெருவில் யாருக்குத் தண்ணீர் கேன் தூக்க வேண்டுமென்றாலும் முதலில் வந்து நிற்பான். சாயங்காலம் பெண்டாட்டி வேலை முடிந்து வந்ததும் எதிரே உட்கார வைத்து, இன்றைக்குக் காலையிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொல் என்பான். அவள் சொல்வாள். சொல்லி முடித்ததும், இன்னொரு தடவை சொல் என்பான். இரண்டாவது தடவை ஏதாவது விட்டுப்போனால், முன்பின் மாறினால், விளக்கை அணைத்துவிட்டு அவளைப் பாத்ரூமில் நிற்க வைப்பான். சரியாக ஞாபகம் வரும்வரை நிற்க வேண்டும். கதவைத் தாழ் போடமாட்டான், சும்மா சாத்திவைப்பான். ஒருநாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பதோடு கதை முடிந்துவிடும்.

சொல்லி முடித்து ஸ்டிக்கரை எடுத்தேன். பேயும் இல்லை, கொலையும் இல்லை, இதற்குத் திகில் என்று பேர் வைத்தது மோசடி, ஓர் அம்பு. அடிக்காத புருஷனிடம் என்ன பயம், இரண்டு. தாழ் போடாத கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வரவேண்டியதுதானே, மூன்று. வேலைக்குப் போகிறவள், நாலு பேரோடு பழகுகிறவள், ஒருத்தியிடம்கூடவா சொல்லமாட்டாள், நான்கு. கதைக்கு முடிவே இல்லை, ஐந்து. ஐந்தையும் காலர் உட்கார்ந்திருந்த சீட்டின் முதுகில், அவள் முதுகுக்கு நேர் பின்னால் ஒட்டினேன்.

"எம் புருசன் ஒருநாளாவது இன்னா நடந்துச்சுன்னு கேட்டா, மோளம் வெச்சு கொண்டாடுவேன்" என்றாள் பட்டன் மெஷின்காரி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாயம்மா மட்டும் சிரிக்கவில்லை. தனக்குப் பயமாக இருக்கிறது, சிரிக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். வழக்கம்போல அவரையும் சேர்த்துக் கேலி பண்ணினோம்.

காலர் திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்போ யாரும் நம்ப மாட்டாங்களாக்கா?"

"எவ நம்புவா? எவளோ புதுசா எழுதுறவ, கற்பனை பண்ணத் தெரியல. ரெண்டு மார்க். அதுவே ஜாஸ்தி" என்றேன்.

சரிக்கா என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் ஆப்பிலும் போய் குறைந்த நட்சத்திரம் கொடுத்து, நம்பும்படி இல்லை என்று கருத்தும் எழுதினேன். கடமையில் நான் குறை வைத்ததே இல்லை.

அதன்பிறகு இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாளிலிருந்து வானகரத்தில் வேன் நிற்காமல் போயிற்று. காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். போன் போட்டால் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அடுத்த வாரம் ஒரு மத்தியானம், என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். கேட்டுக்கு வெளியே அவள் புருஷன், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அவளுடைய அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, அவள் விட்டுப்போன கத்தரியையும் டிபன் பாக்ஸையும் வாங்கிப்போக வந்ததாகச் சொன்னார். இனிமேல் அவள் வேலைக்கு வரமாட்டாள், அப்படி இரண்டு பேருமாக முடிவு பண்ணிவிட்டார்களாம்.

"நீங்கதானே கதை சொல்ற அக்கா? உங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னுதான் கூப்பிட்டேன்" என்றார். நல்ல மரியாதையான குரல். "அந்தக் கதைய எழுதினது அவதான். எனக்கே இப்பதான் தெரியும். பேய் இல்ல, கொலை இல்ல, திகில்னு போட்டது மோசடி. அடிக்காத புருஷன்கிட்ட இன்னா பயம். தாழ் போடாத கதவைத் தள்ளிக்கினு வரவேண்டியதுதானே. நாலு பேரோட பழகுறவ ஒருத்திகிட்டகூடவா சொல்லமாட்டா. முடிவே இல்ல. கரெக்டா சொன்னீங்கக்கா. பாயம்மா மட்டும் பயந்தாங்களாம். மத்தபடி ஒருத்தரும் நம்பலைன்னு அவளே ஒத்துக்கிட்டா."

என் ஐந்து அம்பும் வரிசை மாறாமல் அவர் வாயிலிருந்து வந்து விழுந்தன. வேனில் நான் சொன்ன அதே வார்த்தைகள், அதே அடுக்கில். அந்தக் கதையில் இருந்தது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்று சாயங்காலம் அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்து, நாங்கள் சிரித்ததை ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். பிறகு இன்னொரு தடவை சொல்லியிருக்கிறாள்.

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? ஒருவர் நன்றி சொன்னால் வாயில் தானாக வருமே, அதைத்தான் சொன்னேன். பரவாயில்ல தம்பி என்றேன். அவர் சிரித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார்.

மேஜைக்குத் திரும்பி வந்து ஒரு சட்டைகூட என்னால் பார்க்க முடியவில்லை. அந்தப் பாக்கெட் சீட்டுதான் கண்முன் நின்றது. சர்க்கரை கம்மி என்பதுவரை எதற்காக எழுதிவைத்தாள் என்று தெரிந்துவிட்டது. அது அவளுக்கு அன்றைய பரீட்சைக்கான பாடம். அதைத்தான் நான் குப்பையில் போட்டேன். அயர்ன் செக்‌ஷனுக்குப் போய்ப் பாயம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு சர்ச்சில் முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு, பாயம்மாவைக் கூட்டிக்கொண்டு வானகரம் போனேன். புதுசாகப் போட்ட தெரு, மாடி வீடு. அவர்தான் கதவைத் திறந்தார். வாங்கக்கா வாங்க என்று நாற்காலி போட்டு, ஃபேன் போட்டு, வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று கூல்டிரிங்க்ஸ் வாங்கிவரக் கிளம்பினார். பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தலை சீவி, பூ வைத்திருந்தாள். நான் நம்புகிறேன், தப்பு என்மேல், இப்போதே எங்களோடு கிளம்பி வந்துவிடு என்றேன். தன் வீட்டில் ஓர் அறை காலியாகத்தான் கிடக்கிறது, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார் பாயம்மா.

அவள் வாசலைப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் பேசினாள்.

"அவரு வந்ததும் இதையும் சொல்லணும்க்கா. ரெண்டு தடவ சொல்லணும். நீங்கதான் நல்லா கதை சொல்வீங்களே. இன்னான்னு சொல்லட்டும், சொல்லுங்க."

வருடக்கணக்காக அடுத்தவர் கதையில் ஓட்டை எண்ணிய எனக்கு, ஓட்டையில்லாமல் ஒரே ஒரு பொய் கட்டத் தெரியவில்லை. பாயம்மாதான் ஏதோ யோசித்து, சொந்தத்தில் கல்யாணம், பத்திரிகை கொடுக்க வந்தோம் என்று சொல் என்றார். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"பத்திரிகை எங்கன்னு கேப்பாரும்மா."

கேட்பார்தான். குறை கண்டுபிடிப்பதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். அதற்குள் பைக் சத்தம் கேட்டுவிட்டது. அவள் கையை உருவிக்கொண்டு எழுந்து டம்ளர் எடுக்கப் போனாள். அவர் மூன்று பாட்டில் வாங்கிவந்து, தானே மூடியைத் திறந்து எங்கள் கையில் கொடுத்தார். வேலைக்கு வரச்சொல்லிக் கேட்கத்தான் வந்தோம் என்று நான் உளறினேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். நாங்கள் குடித்தோம். குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டோம்.

திங்கட்கிழமை பெண்களுக்கான உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். விலாசத்தைக் குறித்துக்கொண்டார்கள், போய்ப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அடி காயம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பூட்டி வைக்கிறாரா என்றார்கள். அதுவும் இல்லை, கதவைச் சாத்தத்தான் செய்கிறார் என்றேன். அப்படியென்றால் வேறு என்னதான் செய்கிறார் என்று அந்தப் பக்கம் பேசிய பெண் கேட்டாள். அவள் மனதில் ஸ்டிக்கர் ஒட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர்கள் போனபோது வீடு காலியாகிவிட்டிருந்தது. பத்து நாள் கழித்து நானும் போனேன். எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தெரியவில்லை. "தங்கமான மனுசன். போவசொல்லகூட எல்லார் ஊட்டுக்கும் வந்து சொல்லிகினுதான் போனாரு" என்றார்.

கொஞ்ச நாளில் அந்தக் கதையும் ஆப்பிலிருந்து போய்விட்டது. அதோடு சேர்ந்து என் கருத்தும் போயிற்று. அவள் எழுதிய வரிகள் எனக்கு ஞாபகம் இல்லை. நான் நையாண்டி பண்ணிச் சொன்ன மாதிரிதான் ஞாபகம் இருக்கிறது. வேனில் அந்தச் சீட் காலியாகவே வந்தது. அதன் முதுகிலிருந்த அம்புகளை ஒருநாள் நகத்தால் சுரண்டி எடுத்தேன். பசைத் தடம் போகவில்லை. பிறகு வேனையே மாற்றிவிட்டார்கள்.

இப்போதும் இருட்டுக் கதைகள் படிக்கிறேன். விடமுடியவில்லை. வேனில் சொல்வதில்லை, மார்க்கும் போடுவதில்லை. சாயங்காலம் பூந்தமல்லியில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, அன்று காலையிலிருந்து நடந்ததை மனதுக்குள் வரிசையாக ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். பிறகு இன்னொரு தடவை. டீ குடித்தது முன்னே வந்துவிடும், யாரோ ஒருத்தி பேசியது விட்டுப்போகும், எத்தனை மணிக்கு என்று தடுமாறும். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்ததில்லை, அப்படிப்பட்ட நான்தான் அவளுக்குப் பத்துக்கு இரண்டு போட்டேன்.